கத்தியின் பதம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மடக்குச் சவரக்கத்தி ஒன்று முகத்தில் வைக்கத் தகுந்த கூர்மையோடு இருக்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது? இதுவே வினா. பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் வந்து சவரக்கத்தியைப் பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் நகைக்கக்கூடும். அத்தகைய கத்தியை இன்று வீட்டில் வைத்திருப்போர் எத்தனை பேர் என்று வேறு சிலர் கேட்கக்கூடும். இரண்டும் நியாயமான கேள்விகளே.

கிங் கம்ப் ஜில்லெற் என்னும் அமெரிக்கர், கழற்றி மாற்றத்தக்க மெல்லிய அலகு பொருத்திய சவரக்கருவியை 1903 ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டில் விற்பனையானவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. ஆயினும் சில பத்தாண்டுகளுள் அக்கருவி உலகெங்கும் பரவி, கத்தி தீட்டும் வழக்கத்தைப் பெரும்பாலான வீடுகளிலிருந்து அகற்றிவிட்டது. அலகு மழுங்கினால் எறிந்துவிட்டு வேறொன்றை இடுகின்றோம். கூர்மையைச் சோதித்து அறியவேண்டிய தேவையே நமக்கு இல்லாமற் போயிற்று. எனக்கோ அத்தேவை நாற்பது வயதைக் கடந்த பின் வந்து சேர்ந்தது.

என் தந்தையார் 1950களின் இறுதியிற் கொழும்பில் இலிகிதராகப் பணியேற்றவர். தம் முதற் சம்பளத்தில் அவர் வாங்கிய பொருள்களுள் ஒன்று ஒரு சவரக்கத்தி. அதன் அடிப்பகுதியில், இங்கிலாந்தின் உருக்குத் தொழிலுக்குப் பெயர்போன ஷெபீல்ட் நகரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் வேறு கருவியைக் கையால் தொட்டதில்லை. 1995 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்திருந்த பைக்குள், துணியிற் சுற்றிய அக்கத்தியும் இருந்தது.

2014 ஆம் ஆண்டு அவரைப் பாரிசவாதம் தாக்கியது. வலக்கை விழுந்துவிட்டது; பேச்சுக் குழறியது. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், இடக்கையால் தம் கன்னத்தைத் தடவிக் காட்டி, அலுமாரியின் பக்கம் கண்ணைத் திருப்பினார். கடையிற் கிடைக்கும் பிளாஸ்ரிக் சவரக்கருவியை எடுத்துக் காட்டினேன். தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

ஆகவே கத்தியை எடுத்தேன். தந்தையார் செய்யக் கண்டபடி பெருவிரலை அதன் வாயிற் குறுக்காக வைத்துப் பார்த்தேன். கூராக இருப்பதாகவே தோன்றியது. முன்கையிலுள்ள உரோமத்தின்மேல் ஓட்டினேன், உரோமம் விழுந்தது. இரண்டு சோதனைகளிலும் கத்தி சித்தியடைந்துவிட்டது என்று மகிழ்ந்து, சவர்க்கார நுரை பூசி, அவர் கன்னத்தில் வைத்தேன். கத்தி வழுக்கிச் செல்லவில்லை. முடியைப் பிடித்து இழுத்தது. சற்று அழுத்தினேன். முதுமையால் மெலிந்து தளர்ந்திருந்த தோல் கத்திக்கு முன்னே சுருண்டு ஒதுங்கியது. மறுகணம் இரத்தம் கசிந்தது. குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை அவர் உட்கொண்டு வந்தமையால் அச்சிறு காயத்திலிருந்து இரத்தம் நெடுநேரம் நிற்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்களை மூடிக்கொண்டார். அந்த மௌனமே என்னை இந்த ஆராய்ச்சிக்குள் தள்ளியது.

எங்கள் பட்டணத்தில் ஒரு முதியவர் நெடுங்காலமாகச் சலூன் நடத்தி வந்தார். இரத்தத்தின் வழியாக ஈரல் அழற்சி முதலிய நோய்கள் தொற்றக்கூடும் என்பதால், ஆளுக்கொரு புதிய அலகை இட்டுச் சவரம் செய்யும் வழக்கமே இப்போது சலூன்களில் உள்ளது. அவ்வழக்கத்துக்கு அவரும் மாறியிருந்தார். ஆயினும் பழைய கத்திகளும் தோல்வாரும் அவரிடம் இருந்தன. நடந்ததைக் கூறினேன். கத்தியை வாங்கி, வாய் மேல்நோக்க மின்குமிழின் கீழே பிடித்துப் பார்த்தார். பின்னர் சிரித்துக்கொண்டே, “மாஸ்ரர், கையைக் கேட்டால் கையின்ரை கதையைத்தான் அது சொல்லும். முகத்தின்ரை கதையை முகந்தான் சொல்லும்” என்றார்.

நேயர்களே, இன்று நான் சொல்லப்போவது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கமே.

முதலிற் கத்தியின் அமைப்பைக் காண்போம். சவரக்கத்தியின் ஒரு பக்கம் தடித்த முதுகு. மறு பக்கம் மெல்லிய வாய். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படியும். ஆதலால், எந்தக் கோணத்தில் தீட்டுவது என்று நாம் தேடவேண்டியதில்லை. முதுகின் தடிப்பே அதனைத் தீர்மானித்துவிடுகின்றது. வாயில் இரு பக்கச் சரிவுகளும் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 16 அல்லது 17 பாகை. அச்சரிவுகள் ஒன்றையொன்று முழுமையாகச் சந்திக்கும் கோடே கூர்மை எனப்படுவது. மனிதனின் தாடிமுடி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு தடிப்புடையது. நன்கு தீட்டிய கத்தி வாயின் தடிப்போ, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைவு. அதாவது, வெட்டப்படும் முடியின் தடிப்பில் நூறிலொரு பங்குகூட அதற்கு இல்லை. இத்துணை நுண்ணிய ஒன்றைக் கண்ணாலும் விரலாலும் அளக்க முயல்கின்றோம். தவறு நேர்வதில் வியப்பென்ன?

இனிச் சோதனைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

ஒளிச் சோதனையில், கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, பிரகாசமான விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துப் பார்க்கவேண்டும். மழுங்கிய வாய் சற்றே தட்டையாகிவிடுவதால் ஒளியைத் தெறித்து, வெண்ணிற நூல்போல மின்னும். சிறு உடைவுகள் புள்ளி புள்ளியாகப் பளிச்சிடும். கூரிய வாயில் ஒளி தங்குவதற்கு இடமில்லை. ஆகவே அது இருண்டு தோன்றும். பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள கைவில்லை இதற்குப் பெரிதும் உதவும். ஆனால் இச்சோதனை குறையைக் காட்டுமேயன்றி நிறைவை உறுதிப்படுத்தாது. வெண்கோடு தெரிந்தால் கத்தி ஆகாது என்பது நிச்சயம். தெரியாவிட்டால் அது சவரத்துக்கு ஆகும் என்பது நிச்சயமன்று.

அடுத்தது நகச் சோதனை. நீரில் நனைத்த பெருவிரல் நகத்தின்மேல், கத்தியின் பாரம் மட்டும் படும்படி அதனை அடியிலிருந்து நுனிவரை மெல்ல இழுப்பது. மழுங்கிய வாய் வழுக்கிச் செல்லும். கூர் பெற்ற வாய் சற்றே பற்றிக்கொண்டு ஒரே சீராக நகரும். இடையில் உடைவு இருந்தால் அவ்விடத்தில் ஒரு தடக்கு உணரப்படும். இரு சரிவுகளும் அலகின் நீளம் முழுவதும் சந்தித்துவிட்டனவா என்று அறிய இது நல்ல வழி. ஆனால் நகத்தில் உரசிய வாய் தன் நுண்மையை இழந்துவிடும். ஆதலால் தீட்டும் வேலையின் தொடக்கத்தில் மட்டுமே இதனைச் செய்யலாம். தீட்டி முடித்த கத்தியை நகத்தில் வைப்பது, கழுவிய சட்டையைப் புழுதியில் உதறுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நான் செய்த பெருவிரற் சோதனை. விரலின் சதையை வாயின்மேல் வைத்துக் குறுக்கே மெல்ல நகர்த்துவது. நெடுக்கே, அதாவது வாயின் போக்கிலே, விரலை ஒருபோதும் ஓட்டலாகாது. அவ்வாறு ஓட்டினால் விரல் அறுபடும். கூரிய வாய் மேற்றோலைப் பற்றுவதுபோன்ற ஓர் உணர்ச்சியைத் தரும். அனுபவம் மிக்கவர்களுக்கு இது போதுமான சாட்சி. ஆனால் விரலுக்கு விரல் உணர்ச்சி வேறுபடும். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரலுக்கும் வெண்கட்டி பிடித்து வறண்ட என் விரலுக்கும் ஒரே கத்தி இரு வேறு செய்திகளைக் கூறும். தந்தையாரின் விரல் ஐம்பது ஆண்டுகளாகத் தினமும் ஒரே கத்தியைத் தொட்டு, அன்றே முகத்தில் அதன் விளைவையும் கண்டு கற்றுக்கொண்ட விரல். அவர் செய்ததை நான் பார்த்தேன். அவர் உணர்ந்ததை நான் உணர்ந்திருக்கவில்லை.

நான்காவது, முன்கை உரோமச் சோதனை. என்னைப் பெரிதும் ஏமாற்றியது இதுவே. தோலோடு ஒட்டி ஓட்டினால், கை உரோமத்தை நன்கு தீட்டிய பேனாக்கத்திகூட மழித்துவிடும். கை உரோமம் மெல்லியது. தாடிமுடி தடித்தது, உறுதியானது. ஆகவே இச்சோதனையில் தோற்ற கத்தியைத் தள்ளிவிடலாம். வென்ற கத்தியை ஏற்றுக்கொள்ள முடியாது. கத்தி தோலைத் தொடாமல், சில மில்லிமீற்றர் மேலே நகரும்போதே உரோமத்தின் நுனியைக் கொய்துவிடுமாயின், அது சற்று மேலான சாட்சி.

ஐந்தாவது, தொங்கும் முடிச் சோதனை. தலைமுடி ஒன்றை விரல்களுக்கிடையே பிடித்து, அதன் மறுமுனையைக் கத்தியின் வாய்மேல் மெல்லப் படியவிட்டால், கூரிய கத்தி அதனை ஓசையின்றித் துண்டித்துவிடும். காண்போரை மயக்கும் வித்தை இது. ஆனால் முடி தடித்ததா மெல்லியதா, எண்ணெய் பூசியதா கழுவியதா, பிடித்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் வாயைத் தொடுகின்றது என்பவற்றையெல்லாம் பொறுத்து முடிவு மாறும். மேலும், முடியின் மேற்பரப்பு கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களாலானது. அச்செதில்கள் யாவும் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஆதலால் வேர்ப்பக்கத்தைப் பிடித்தால் ஒரு விடையும் நுனிப்பக்கத்தைப் பிடித்தால் வேறொரு விடையும் கிடைக்கலாம். ஒருவர் தம் தலைமுடியையே எப்போதும் ஒரே முறையிற் பயன்படுத்திவந்தால், நேற்றைய கத்தியோடு இன்றைய கத்தியை ஒப்பிட இது உதவும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்கலாகாது.

கடதாசியை வெட்டிப் பார்ப்போரும் உண்டு. அது சமையலறைக் கத்திக்கு உரிய சோதனை. கடதாசியில் வெண்மைக்காகவும் வழவழப்புக்காகவும் களிமண், சுண்ணாம்பு போன்ற கனியங்கள் கலக்கப்படுகின்றன. அவை சவரக்கத்தியின் வாயைக் கெடுத்துவிடும்.

இச்சோதனைகள் அனைத்தையும் வென்றும் முகத்தில் தோற்கின்ற கத்தி ஒன்று உண்டு. அளவுக்கு மீறித் தீட்டினால், வாயின் ஓரத்தில் மிக மெல்லிய தகடு போன்ற பிசிறு உண்டாகும். அப்பிசிறு தொங்கும் முடியை வியக்கத்தக்கவாறு துண்டிக்கும்; கை உரோமத்தைக் காற்றிலேயே கொய்யும். ஆனால் தாடிமுடியின் எதிர்ப்பைத் தாங்கும் பலம் அதற்கில்லை. இரண்டு இழுப்புகளில் அது மடிந்தும் உடைந்தும் போக, முகம் எரியத் தொடங்கும். கூர்மை வேறு, மென்மை வேறு; சவரத்துக்கு இரண்டும் வேண்டும் என்பதை இதனால் அறிகின்றோம்.

இவ்விடத்தில் அறிவியல் தந்த ஒரு வியப்பான செய்தியையும் சொல்லவேண்டும். உருக்கைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது முடி. அவ்வாறாயின் முடியை வெட்டும் கத்தி மழுங்குவது ஏன்? அமெரிக்காவிலுள்ள மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர்கள் சவர அலகுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, 2020 ஆம் ஆண்டு இதற்கு விடை வெளியிட்டனர். வாய் தேய்ந்து மட்டும் மழுங்குவதில்லை. நுண்ணிய சில்லுகளாக உடைகின்றது. முடி வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்போதும், உருக்கின் உள்ளமைப்பு இடத்துக்கிடம் மாறுபட்டிருக்கும்போதும், ஏற்கெனவே நுண்ணிய குறை உள்ள இடத்தில் முடி வந்து மோதும்போதும் அவ்வுடைவு நிகழ்கின்றது. ஒரு சிறு குறை அடுத்த குறைக்கு வழி திறக்கின்றது. சவரத்துக்கு முன் விளக்கொளியில் ஒரு கணம் பார்த்துவிடும் பழைய வழக்கம் எத்துணை அறிவுடையது என்பது இப்போது விளங்குகின்றதல்லவா?

தந்தையாரின் கத்திக்கு நேர்ந்தது என்ன? அவர் நோயுற்றுக் கிடந்த வாரங்களில் அது துடைக்கப்படாமல் இருந்தது. நமது கடற்காற்றின் ஈரத்தில், வாயின் ஓரத்தில் மாத்திரம் கண்ணுக்குப் புலப்படாத துரு ஏறியிருந்தது. முதியவர் அதனைக் கல்லில் வைத்து மீண்டும் சரிவு கூட்டினார். முதலில் ஆயிரம் இலக்கக் கல், பின்னர் நாலாயிரம், இறுதியில் எண்ணாயிரம். இலக்கம் உயர உயரக் கல்லின் மணி நுண்ணியதாகும். முதற் கல்லிற் சரிவுகள் சந்திக்காவிட்டால், அடுத்த கற்களில் எவ்வளவு உழைத்தாலும் பளபளப்புத்தான் மிஞ்சும், கூர்மை வராது என்றார். வகுப்பறையில் இருப்பவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

பின்னர் தோல்வாரில் இழைத்தார். கல்லில் வாய் முன்னே செல்லும். தோலில் முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே இழுபடவேண்டும். திருப்பும்போது முதுகின்மேலேயே புரட்டவேண்டும். மாறிச் செய்தால் தோலும் அறுபடும், வாயும் மடியும். தோல்வார் தொய்யாமல் இருக்கவேண்டும், கை அழுத்தலாகாது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் உண்மையான சோதனை. தம் முகத்தை வெந்நீரால் நனைத்து, நுரை பூசிச் சில நிமிடம் பொறுத்தார். நனைந்த முடி நீரை உறிஞ்சி இளகும். பிறகு காதின் கீழே கன்னத்துத் தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, கத்தியை ஏறத்தாழ 30 பாகை சாய்த்து, முடி வளரும் திசையில், அழுத்தாமல் ஓட்டினார். என்னைக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னார். ஒரே சீரான மெல்லிய ஓசை எழுந்தது. மழுங்கிய கத்தி கரகரவென்று விட்டுவிட்டு ஒலிக்கும் என்றார். கன்னத்தில் வென்றபின் நாடியிலும் மேலுதட்டிலும் வைத்துப் பார்த்தார். முடி தடித்தும் வளைவுகள் மிகுந்தும் உள்ள அவ்விடங்களே கத்தியின் உயர்தரப் பரீட்சை. முடிவில் ஈரப் படிகாரத்தை முகத்தில் தடவினார். கடுமையாக எரிந்தால் கத்தி முடியோடு தோலையும் சுரண்டியிருக்கின்றது என்பது பொருள். அவருக்கு எரியவில்லை.

கத்தியைக் கழுவி, கிருமிநீக்கியால் துடைத்து என்னிடம் தந்து, “இனி உங்கடை முகத்திலை ஒரு கிழமை பழகுங்கோ. பிறகு ஐயாவுக்குச் செய்யலாம்” என்றார். நான் கூலி கொடுக்க முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

அந்த ஒரு கிழமையில் என் முகத்தில் மூன்று காயங்கள். ஆயினும் ஓர் உண்மையை என் தோலே எனக்குக் கற்பித்தது. கூரிய கத்தியைவிட மழுங்கிய கத்தியே ஆபத்தானது. கூரிய கத்திக்கு அழுத்தம் வேண்டியதில்லை. தன் பாரத்தாலேயே வேலையை முடிக்கும். மழுங்கியதை நாம் அழுத்துகின்றோம். அழுத்திய கை தன் கட்டுப்பாட்டை இழக்கின்றது. அன்று தந்தையாரின் கன்னத்தைக் கிழித்தது கத்தியன்று. கத்தியின் குறையை என் கையின் பலத்தால் ஈடுசெய்ய முயன்ற அவசரம்.

எட்டாம் நாள் அவர் கட்டிலருகே அமர்ந்தேன். வெந்நீரில் நனைத்த துவாயை அவர் முகத்தில் வைத்தேன். கத்தியை முதலில் என் கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்து, கழுவி, கிருமிநீக்கியால் துடைத்து, பிறகே அவர் கன்னத்தில் வைத்தேன். வலப்பக்கம் அவருக்கு உணர்ச்சி குன்றியிருந்தது. அங்கே நோவதை அவராற் சொல்ல முடியாது. ஆதலால் இடப்பக்கத்தில் தொடங்கி, அவர் கண்ணைப் பார்த்தபடி செய்தேன். கண் சுருங்கவில்லை. முடிந்ததும் இடக்கையை மெல்ல உயர்த்தி, கன்னத்திலிருந்து நாடிவரை புறங்கையாற் தடவினார். ஐம்பது ஆண்டுகளாகக் காலைதோறும் அவர் செய்துவந்த இறுதிச் சோதனை அது. பிறகு கத்தியைச் சுட்டிக்காட்டி, துணியாற் துடைக்கும்படி சைகை செய்தார். கத்தி சித்தியடைந்துவிட்டது என்பதற்கு அதனிலும் சிறந்த சான்றிதழ் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதன்பின் அவர் வாழ்ந்த பதினொரு மாதங்களும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்பணி என்னுடையதாயிற்று.

நேயர்களே, தமிழிற் பதம் என்னும் சொல் கத்தியின் கூர்மையையும் குறிக்கும். ஒரு பொருள் பயனுக்கு ஏற்ற நிலையை அடைந்திருப்பதையும் குறிக்கும். பானையிற் சோறு பதமாக வந்ததா என்று பார்ப்பதும் கத்தியின் பதம் பார்ப்பதும் ஒரே சொல்லாலே சொல்லப்படுகின்றன. கூர்மை என்பது கத்தியிடம் மட்டும் உள்ள ஒரு குணமன்று. அது எதற்குப் பயன்படப்போகின்றதோ அதனோடு சேர்த்தே அறியப்படவேண்டியது என்பதை நம் மொழி முன்னரே உணர்த்தி வைத்திருக்கின்றது.

விளக்கொளி குறையைக் காட்டும். நகம் உடைவைச் சொல்லும். விரல் பழகியவனுக்கு மட்டும் பேசும். உரோமம் எளிதில் ஏமாறும். ஒவ்வொரு சோதனையும் தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு மட்டுமே விடை தருகின்றது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தும் நான், இதனை ஒரு சவரக்கத்தியிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை.

கத்தி இன்னும் என்னிடம் இருக்கின்றது. பயன்படுத்தியதும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கின்றேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் பாட்டனார் காலத்துக் கத்தி ஒன்று இருக்குமாயின், அதனை எடுத்து விளக்கொளியிற் பாருங்கள். வெண்கோடு தெரிந்தால், அதனை முகத்தில் வைக்குமுன் தீட்டத் தெரிந்த ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். அத்தகையவர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.